இருக்கிறதா என்று கேட்கப் பிறக்கும் குட்டி நிரல்

"பைத்தானை மூல நிரலிலிருந்து நானே பில்ட் செய்தேன். ஒரு பிழையும் வரவில்லை. ஆனால் பிப்பை ஓடவிட்டால் எஸ்எஸ்எல் மாட்யூல் இல்லை என்கிறது. எங்கே தப்பு?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப், இணையத்தோடு பாதுகாப்பாகப் பேச எஸ்எஸ்எல் மாட்யூலை நம்பியிருக்கிறது. அந்த மாட்யூலுக்கு ஓபன்எஸ்எஸ்எல் என்ற லைப்ரரி வேண்டும். ஆனால் பைத்தானுக்கு ஓபன்எஸ்எஸ்எல் கட்டாயமில்லை. இருந்தால் சேர்த்துக்கொள்ளும், இல்லாவிட்டால் அதை விட்டுவிட்டு மீதியை பில்ட் செய்து முடிக்கும். சரி, இருக்கிறதா இல்லையா என்று அதற்கு எப்படித் தெரிகிறது?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஃபைல் பெயரைத் தேடிப் பார்த்தால் போதாது. ஹெடர் (ஃபங்ஷன்களை அறிவிக்கும் ஃபைல்) இருக்கும், லைப்ரரி (அவற்றின் கம்பைல் செய்த நிரல்) இருக்காது. லைப்ரரி இருக்கும், ஆனால் 32 பிட்டுக்கானதாக இருக்கும். அதனால் 1991இல் டேவிட் மெக்கென்சி தொடங்கிய, பைத்தானும் பயன்படுத்தும் ஆட்டோகான்ஃப் என்ற கருவி வேறு வழியைப் பிடித்தது. அது உருவாக்கித் தரும், பில்டுக்கு முன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட், கான்ஃப்டெஸ்ட் என்ற பெயரில் சில வரி சி நிரலை அப்போதே எழுதுகிறது. தரவைச் சுருக்கும் இசட்லிப் லைப்ரரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா? மெயினுக்குள் டிஃப்ளேட் என்ற ஃபங்ஷனை ஒருமுறை அழைக்கிறது, ஆர்க்யூமென்ட் எதுவும் இல்லாமல். ஓடினால் என்னவாகும் என்ற கவலையே இல்லை, ஏனென்றால் அதை ஓட்டப்போவதே இல்லை! கம்பைலர் ஏற்றுக்கொண்டதா, லைப்ரரிகளை நிரலோடு இணைக்கும் லிங்கருக்கு டிஃப்ளேட் அகப்பட்டதா, அவ்வளவுதான் கேள்வி. கம்பைலர் முடியும்போது தரும் எக்ஸிட் கோட் 0 என்றால் இருக்கிறது, வேறு எண் என்றால் இல்லை. மற்ற நேரங்களில் நாம் பார்த்துப் பயப்படும் பிழைச் செய்தியே இங்கே பதிலாகிறது.

எத்தனையோ மென்பொருள்களைத் தாங்கும் ஆட்டோகான்ஃபுக்கு 2012இல் வந்த 2.69க்குப் பிறகு, 2020 டிசம்பரில்தான் 2.70 வந்தது. புதிய மென்பொருளுக்குக் கொட்டும் பணத்தில் சிறு பங்காவது இப்படிப்பட்ட பராமரிப்புக்குப் போக வேண்டும்.

'இல்லை' என்று தெரிந்த பிறகுதான் பல ஸ்கிரிப்ட்டுகள் சறுக்குகின்றன. மேசான் என்ற பில்ட் கருவி இதற்கு மூன்று நிலைகள் வைத்திருக்கிறது: எனேபிள்ட், டிசேபிள்ட், ஆட்டோ. பயனர் வேண்டும் என்று கேட்டது கிடைக்காவிட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும். வேண்டாம் என்றால், கணினியில் இருந்தாலும் தேடக் கூடாது. ஒன்றும் சொல்லாதபோது மட்டும்தான் கிடைத்ததைச் சேர்த்து, கிடைக்காததை விடலாம். அப்போதும் விட்டதைக் கடைசியில் சொல்லியாக வேண்டும். பைத்தான் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் பில்ட் செய்யும் மேக் கட்டளை முடிந்த கையோடு, நிறுவும் மேக் இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்தால் அந்த வரிகள் மேலே ஓடிவிடும்.

வாசகருக்கு: ஓபன்எஸ்எஸ்எல் பெரும்பாலும் உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும், ஹெடர்தான் இருக்காது. ஹெடர் அடங்கிய அதன் டெவ் பேக்கேஜை நிறுவிவிட்டு கான்ஃபிகரிலிருந்து மறுபடி தொடங்குங்கள். அதற்கு முன்னால் கான்ஃபிகர் எழுதிவைத்த கான்ஃபிக் லாக் ஃபைலைத் திறந்து பாருங்கள். தோற்றுப்போன அந்தக் குட்டி நிரல் வரிக்கு வரி அதில் இருக்கும்.