தெற்கு ஜெர்மனியில் குடும்பத்தோடு ரயில் பயணம்: எந்த டிக்கெட் எங்கே கைவிடும்

போன கோடையில் மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் போகும் ரயிலில் எனக்கு எதிரே ஒரு குடும்பம். கணவன், மனைவி, ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, அம்மா. அம்மா மடியில் எவர்சில்வர் டப்பா, மூடியைத் திறந்ததும் பெட்டி முழுக்க எலுமிச்சை சாத வாசனை. அப்போதுதான் பரிசோதகர் வந்தார். மகன் போனை நீட்டினார். நாலு பேருக்கும் முறையாகப் பணம் கட்டி வாங்கிய பையர்ன் டிக்கெட். இது இசி என்கிற தொலைதூர ரயில், இந்த டிக்கெட் இதில் செல்லாது, ஆளுக்கு 60 யூரோ அபராதம் என்றார் பரிசோதகர். மொத்தம் 240. "காசு கட்டித்தானே ஏறினோம்" என்று அந்தப் பெரியவர் மகனிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார். சாதத்தை யாரும் தொடவில்லை.

அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. அதே ஊருக்கு, அதே டிக்கெட்டில் போகக்கூடிய ஆர்இ என்கிற உள்ளூர் ரயில் ஒன்று அதே ஸ்டேஷனிலிருந்து கிளம்புகிறது. டிக்கெட் விற்கும்போது கொட்டை எழுத்தில் சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஒரு விஷயத்தைப் பொடி எழுத்தில் போட்டால் இப்படித்தான் நடக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பையர்ன் டிக்கெட் என்பது பவேரியா மாநிலம் முழுக்க ஒரு நாள் சுற்ற ஒரே டிக்கெட், ஐந்து பேர் வரை சேர்ந்து போகலாம். முதல் ஆளுக்கு ஒரு தொகை, அடுத்தடுத்த ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சம் கூடும். கூட வரும் 15 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, எத்தனை பேர் வரை என்பதை வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மியூனிக் நகரத்து எஸ்-பான் (புறநகர் ரயில்), யு-பான் (சுரங்க ரயில்), டிராம், பஸ் எல்லாம் இதில் அடக்கம். ஆஸ்திரியாவுக்குள் சால்ஸ்பர்க், குஃப்ஸ்டைன் வரையும், மேற்கே உல்ம் வரையும் செல்லும். உல்மைத் தாண்டி ஸ்டுட்கார்ட் போக வேண்டுமா, வேறு டிக்கெட்.

எந்த ரயிலில் செல்லும் என்பதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். ரயில் எண்ணுக்கு முன்னால் ஆர்இ, ஆர்பி, எஸ் என்று இருந்தால் அது உள்ளூர் ரயில், ஏறுங்கள். ஐசிஇ, ஐசி, இசி, இசிஇ, ரெயில்ஜெட் என்று இருந்தால் அது தொலைதூர ரயில், ஏறாதீர்கள். மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க்குக்கும் லிண்டாவ் ஊருக்கும் போகிறவர்கள் அதிகம் மாட்டுவது இதனால்தான், இரண்டு வழித்தடத்திலும் இரண்டு வகை ரயிலும் ஓடுகிறது. போன் ஆப்பில் வழி தேடும்போது "உள்ளூர் ரயில் மட்டும்" என்ற வடிகட்டியைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அது வேகமான ரயிலைத்தான் முதலில் காட்டும்.

அப்புறம் 9 மணி. திங்கள் முதல் வெள்ளி வரை இந்த டிக்கெட் காலை 9 மணிக்குத்தான் உயிர் பெறும், மறுநாள் அதிகாலை 3 மணி வரை செல்லும். சனி, ஞாயிறு, விடுமுறை நாளில் நள்ளிரவிலிருந்தே செல்லும். நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குப் போக ஃபூசென் ரயிலைப் பிடிக்கிறவர்கள் 9 மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் கிளம்புகிற வண்டியில் "பத்து நிமிஷம்தானே" என்று ஏறிவிடுகிறார்கள். பரிசோதகருக்கு அது டிக்கெட் இல்லாப் பயணம். 9 மணிக்கு மேல் அந்த ரயில் நிற்கிற முதல் ஸ்டேஷன் வரைக்கும் தனியாக ஒரு சாதாரண டிக்கெட் எடுத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை, கவுண்டரில் யாரும் தானாக முன்வந்து இதைச் சொல்லமாட்டார்கள். கோட்டைக்கு நேரம் குறித்த நுழைவுச்சீட்டுதான் தருகிறார்கள். ரயில் தாமதத்தால் அந்த நேரம் போனால் ரயில்காரர்கள் கோட்டைச் சீட்டுக்குப் பணம் தரமாட்டார்கள், அதனால் முதல் ரயிலுக்கும் நுழைவு நேரத்துக்கும் நடுவே நல்ல இடைவெளி விடுங்கள். காகித டிக்கெட் என்றால் பெயர் எழுதும் கோடு இருக்கும், ஏறும் முன்பே எல்லார் பெயரையும் பேனாவால் எழுதிவிடுங்கள்.

மியூனிக்கிலிருந்து தெற்கே மலைப்பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று: டேகர்ன்சே, பைரிஷ்செல், லெங்க்ரீஸ் மூன்றுக்கும் ஒரே ரயிலாகக் கிளம்பி வழியில் பிரிந்துவிடும். அப்பா ஒரு பெட்டியில் சைக்கிளோடும் அம்மா பிள்ளைகளோடு இன்னொரு பெட்டியிலும் ஏறினால் ஹோல்ட்ஸ்கிர்ஷனில் குடும்பமே இரண்டாகப் பிரிய வேண்டியதுதான். பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் ஊர்ப் பெயரைப் பார்த்து ஏறுங்கள்.

"டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுத்துடு, நாடு முழுக்கப் போகலாம்" என்று நண்பர்கள் சொல்வார்கள். இது உள்ளூர் ரயில், பஸ்ஸுக்கான மாத டிக்கெட். 2023 மே மாதம் மாதத்துக்கு 49 யூரோ என்று வந்தது, 2025-இல் 58, 2026 ஜனவரியிலிருந்து 63. ஆனால் குடும்பத்துக்கு இதில் பெரிய பள்ளம் இருக்கிறது. 6 வயதுக்குள் இருந்தால்தான் பிள்ளை இலவசம். 6 வயது முடிந்த பிள்ளைக்குத் தனி டிக்கெட் வேண்டும், அம்மா அப்பாவின் டிக்கெட்டோடு தொற்றிக்கொள்ள முடியாது. பையர்ன் டிக்கெட்டில் சும்மா வந்த அதே எட்டு வயதுப் பெண் இங்கே டிக்கெட் இல்லாப் பயணி. இன்னொன்று, இது மாதச் சந்தா. ஒரு வாரச் சுற்றுலாவுக்கு எடுத்துவிட்டு மறந்தால் அடுத்த மாதமும் கணக்கிலிருந்து போகும். மாதத்தின் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அந்த மாதக் கடைசியோடு முடியும். 11-ஆம் தேதி எழுதிய கடிதத்துக்கு இரக்கம் காட்டிய அலுவலகம் எதையும் நான் கண்டதில்லை. ரத்துக்கு உறுதிச் செய்தி வராவிட்டால் ரத்து ஆகவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள், மறுபடி அனுப்புங்கள்.

தொலைதூர ரயிலில் போகிறீர்கள் என்றால் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகள் பெரியவரோடு இலவசம், ஆனால் டிக்கெட் வாங்கும்போதே அவர்களையும் சேர்த்திருக்க வேண்டும். "இலவசம்தானே, எதற்குச் சேர்ப்பது" என்று விட்டுவிடாதீர்கள். இருக்கை முன்பதிவு வேறு கதை. குடும்பத்துக்கு மொத்தமாக 10.40 யூரோவுக்கு இருந்த முன்பதிவை ஜெர்மன் ரயில் நிறுவனமான டாய்ச்ச பான் 2025 ஜூனில் எடுத்துவிட்டது. இப்போது இரண்டாம் வகுப்பில் ஒரு இருக்கைக்கு 5.50, நாலு பேருக்கு 22 யூரோ. டிக்கெட் இல்லாத பிள்ளைக்கும் இருக்கைக்குப் பணம். எனக்கு இதில் இன்னும் கோபம் ஆறவில்லை. விடுமுறைக் காலத்தில் சின்னப் பிள்ளைகளோடு போனால் வயிற்றெரிச்சலோடு கட்டிவிடுங்கள், மூன்று மணி நேரம் ரயிலின் நடைவழியில் சூட்கேஸ் மேல் உட்கார்ந்து வருவது பிள்ளைகளால் ஆகாது.

தாமதமானால் உங்களுக்குச் சேர வேண்டியது என்ன? போய்ச்சேரும் ஊரில் 60 நிமிடம் தாமதம் என்றால் டிக்கெட் விலையில் 25 சதவீதம், 120 நிமிடம் என்றால் 50. கிளம்பும் முன்பே 20 நிமிடமாவது தாமதமாகும் என்று தெரிந்தால், குறிப்பிட்ட ரயிலுக்கென்று வாங்கிய மலிவு டிக்கெட்டில்கூட வேறு ரயிலில் ஏறலாம். இதைக் கேட்டுவிட்டுப் பையர்ன் டிக்கெட்காரர்கள் ஐசிஇ-யில் ஏறி மறுபடி மாட்டுகிறார்கள். பையர்ன் டிக்கெட், டாய்ச்லாண்ட் டிக்கெட் போன்ற சலுகை டிக்கெட்டுகளுக்கு இந்தச் சலுகை இல்லை. நஷ்டஈடும் பேருக்குத்தான். டாய்ச்லாண்ட் டிக்கெட்டுக்கு ஒரு தாமதத்துக்கு 1.50 யூரோ, 4 யூரோவுக்குக் குறைந்தால் தரவேமாட்டார்கள், மூன்று தாமதத்தைச் சேர்த்து அனுப்பினால்தான் காசு. ஒரு குடும்பத்தின் நாளே போனபிறகு 1.50 யூரோ!

நஷ்டஈடு கேட்க மூன்று மாதம்தான் அவகாசம். முன்பு ஒரு வருடம் இருந்தது, 2023 ஜூனில் சுருக்கிவிட்டார்கள். இரண்டு துண்டாகத் தனித்தனியே வாங்கிய டிக்கெட்டில் முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், அது உங்கள் பாடு என்பார்கள். அதனால் வீட்டு ஸ்டேஷனிலிருந்து கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள், இரண்டு யூரோ மிச்சம் பார்க்காதீர்கள். ஸ்டேஷன் பலகையில் தாமதம் ஓடும்போதே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கடைசி ரயில் ரத்தாகி, நள்ளிரவுக்குள் வேறு எப்படியும் ஊர் போய்ச்சேர முடியாது என்றால் டாக்ஸிக்கு 120 யூரோ வரை திரும்பக் கேட்கலாம். முதலில் அங்கே இருக்கும் ஊழியரிடம் மாற்று வண்டி உண்டா என்று கேளுங்கள், அப்புறம் டாக்ஸி, ரசீது கட்டாயம். நடுராத்திரி, பிள்ளை தூக்கத்தில் தோளில், அந்த நேரத்தில் ரசீது கேட்கத் தோன்றாது. கேளுங்கள்.

தங்கும் இடத்தில் கேட்டு வாங்க வேண்டியதும் ஒன்று உண்டு. பிளாக் ஃபாரஸ்ட் பக்கம் பல ஊர்களில் தங்கினால் கோனுஸ் விருந்தினர் அட்டை, ஃபூசெனில் ஃபூசென் கார்டு. அந்த வட்டார பஸ்ஸும் உள்ளூர் ரயிலும் அதில் இலவசம். நீங்கள் கட்டும் சுற்றுலா வரியிலேயே இதற்கான பணம் போகிறது, ஆனாலும் கேட்டால்தான் சில இடங்களில் எடுத்துத் தருகிறார்கள். புக் செய்யும் முன்பே அட்டை உண்டா என்று எழுதிக் கேளுங்கள். அட்டை கைக்கு வந்த பிறகுதான் செல்லும், வரும் வழிக்கு நீங்கள்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

காரில் போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ மொழிபெயர்ப்போ வேண்டும். 12 வயதுக்குள், 150 செ.மீ. உயரத்துக்குள் இருக்கும் பிள்ளைக்குக் குழந்தை இருக்கை கட்டாயம், வாடகைக் காரில் அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொந்தக் கார் என்றால் மியூனிக், ஸ்டுட்கார்ட் நகருக்குள் பச்சை ஸ்டிக்கர் (புகை மாசு குறைந்த வண்டி என்பதற்கான அடையாளம்) இல்லாமல் நுழைந்தால் 100 யூரோ அபராதம். இன்ஸ்ப்ரூக் பக்கம் ஆஸ்திரிய ஆட்டோபானில் (விரைவுச் சாலை) ஏறினால் விக்னெட் என்கிற சுங்கக் கட்டண ஸ்டிக்கர் வேண்டும்.

ரயிலில் 60 யூரோ அபராதச் சீட்டு கைக்கு வந்துவிட்டதா? ரயிலிலேயே வாக்குவாதம் வேண்டாம், பரிசோதகரால் அதை ரத்து செய்ய முடியாது. உங்கள் பெயரில் செல்லுபடியாகும் மாதச் சந்தா இருந்து, போன் சார்ஜ் போனதால் காட்ட முடியவில்லை என்றால், ஒரு வாரத்துக்குள் அதைக் காட்டினால் 60 என்பது 7 யூரோவாகக் குறையும். எழுத்தில் அனுப்புங்கள், சீட்டிலிருக்கும் எண்ணைக் குறிப்பிடுங்கள், அனுப்பியதற்கு அத்தாட்சியாக ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை சும்மா இருக்காதீர்கள், கெடு தாண்டினால் வசூல் நிறுவனத்திடம் போய், மேலே மேலே கட்டணம் ஏறும்.