வேப் லிக்விட் ஏன் தொண்டைய காறுது? ஆச்சி போடுத சுண்ணாம்புலயே பதில் இருக்கு

வேப்புங்கற மின்சார சிகரெட்டுல ஊத்தி ஆவியா இழுக்குத வேப் லிக்விட்ட வீட்டுலயே கலக்குதவங்க புலம்புத முத புலம்பல், தொண்டைய போட்டு பிராண்டுதுங்கறதுதான். லண்டன்ல இருக்க என் சித்தி மவனும் போன் போட்டா இதே பாட்டுதான். அங்க சட்டப்படி தப்பில்ல, பிஜி (ப்ரொப்பிலீன் கிளைக்கால்), விஜி (கிளிசரின்), நிக்கோடின், ஃப்ளேவர்னு தனித்தனி பாட்டிலா கடையில வாங்கி கலந்துக்கிடலாம் (நம்மூர்ல 2019 சட்டப்படி தயாரிச்சாலோ வித்தாலோ முத தடவைக்கே ஒரு வருசம் வரை ஜெயில், இல்லன்னா ஒரு லட்சம் வரை ஃபைன், ரெண்டும் சேந்தும் வரலாம், அதனால இங்கன யாரும் கெளம்பிராதீங்க). அவன் ஃப்ளேவர் சரியில்லன்னு திட்டுதான். நான் முதல்ல சந்தேகப்படுதது நிக்கோடினத்தான்.

நம்ம ஆச்சிமாரு வெத்தலையில பொயிலைய வச்சி சுண்ணாம்பும் தடவுதாங்கல்லா, அந்த சுண்ணாம்பு சும்மா இல்ல. நிக்கோடின் காரத்தன்மை உள்ள பொருள், பக்கத்துல அமிலம் இருந்தா அதோட சேந்து உப்பா மாறிக்கிடும், அமிலம் கொறைஞ்சி பிஎச் (அமிலமா காரமான்னு காட்டுத அளவு, ஏற ஏற காரம்) 8 கிட்ட வந்தா பாதி உப்பு பாதி வெறும் நிக்கோடின்னு நிக்கும், அதுக்கும் மேல போனா பெரும்பாலும் வெறும் நிக்கோடின்தான். இந்த வெறும் நிக்கோடின்தான் வாய்ச் சவ்வுக்குள்ள சட்டுனு ஊடுருவும், ஆவியாவும் சுளுவா பிரியும். சுண்ணாம்பு பிஎச்ச ஏத்தி விடுது, பொயிலை சுருக்குன்னு பிடிக்குது. சுருட்டும் இதே சோலிதான், அதோட புகை காரத்தன்மை, அதான் சுருட்டு குடிக்குத தாத்தாமாரு புகைய வாயோட வச்சிட்டு விட்டுருவாங்க, நெஞ்சுக்குள்ள இழுத்தா இருமி இருமி கண்ணு பிதுங்கிரும்.

பழைய வகை வேப் லிக்விட்ல இருக்கதும் இந்த வெறும் நிக்கோடின்தான். 2015-ல அமெரிக்காவுல ஜூல்ங்கற வேப் வந்தப்ப இதுல பென்சாயிக் அமிலத்த சேத்தாங்க, ஆமா, சாஸும் ஸ்குவாஷும் கெடாம இருக்க போடுத பென்சோயேட்டோட அதே குடும்பம். நிக்கோடின் உப்பாயிருச்சி, காறல் அமுங்கிருச்சி, அதனால 5 சதவீதம் நிக்கோடின கூட பள்ளிக்கூடத்து பயலுவ இருமாம இழுத்தானுவ. ஆச்சி சுண்ணாம்ப வச்சி தெறந்த கதவ இவங்க அமிலத்த வச்சி சாத்திட்டாங்க, ஆனா உள்ள நுரையீரலுக்கு போன பொறவு அந்த நிக்கோடின் வழக்கம்போல ரத்தத்துல ஏறத்தான் செய்யும். காறல் போச்சே தவிர அடிமையாக்குத வேலை போவல, எனக்கென்னவோ அதுதான் இதுல பெரிய வில்லங்கமா தெரியுது.

சரி, தொண்டைக்கு எப்படி தெரியுது? நரம்பு முனையில டிஆர்பி-வி1, டிஆர்பி-ஏ1னு காவக்கார புரதங்க இருக்கு. அடுப்புல வத்தல் வறுத்தா வீடே இருமுதே, அது வி1 வேலை, மிளகாயோட கேப்சைசின பிடிச்சிக்கிடுத புரதம் இதுதான்னு கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸ் 2021-ல நோபல் வாங்குனாரு. நிக்கோடின் ஏ1-ஐ தட்டும், பட்டை ஃப்ளேவர்ல உள்ள சின்னமால்டிஹைடும் அதையேதான் தட்டும். அதனால பட்டை ஃப்ளேவர்ல ரெண்டு சொட்டு கூடுனாலும் கமறும். இதுக்கு மென்தால் ஊத்துங்கன்னு சொல்லுவாங்க, அது குளிர்ச்சிக்குன்னு இருக்க டிஆர்பி-எம்8ங்கற வேற புரதத்த தட்டி எரிச்சல மறைக்கும், எரிச்சல் எங்கிருந்து வருதோ அது அப்படியேதான் இருக்கும். ஐரோப்பாவுல 2020 மே மாசம் மென்தால் சிகரெட்ட தடை பண்ணது சும்மாவா?

பிஜி விஜி கணக்கு சின்னது. ப்ரொப்பிலீன் கிளைக்கால் தண்ணிய உறிஞ்சும், தொண்டைய வறட்டும், சில பேருக்கு கூடுதலா ஒத்துக்காது. கிளிசரின் கெட்டியா மெத்துனு இருக்கும், அத கூட்டுனா காறல் கொறையும். ஆனா ரொம்ப கெட்டியாச்சின்னா பஞ்சுல ஊறி காயிலுக்கு (லிக்விட்ட சூடாக்குத கம்பிச் சுருள்) வந்து சேர லேட்டாவும், பஞ்சு காஞ்சி சூடு எகிறும், அங்க இன்னொரு தொல்லை ஆரம்பிக்கும். கல்லிடைக்குறிச்சி அப்பளம் பொரிக்க எண்ணெய வச்சிட்டு மறந்து போனா நீலமா புகைஞ்சி கண்ணு மூக்கெல்லாம் எரியுமே, அதுல அக்ரோலின் இருக்கு, எண்ணெயில உள்ள கிளிசரின் பாகம் சூட்டுல ஒடைஞ்சி வாரது. அதே அக்ரோலின்தான் காஞ்ச காயில்லயும் வரும், கூட ஃபார்மால்டிஹைடும். இந்த காறலுக்கு ரெசிபிய மாத்தி பிரயோஜனமே இல்ல, வேப்போட பவர (வாட்) கொறைக்கணும், காயில மாத்தணும். இனிப்புக்குன்னு சுக்ரலோஸ ஊத்துதவங்க காயில் இன்னும் சீக்கிரம் கருகும்.

காறல் இல்லன்னா நல்ல சரக்குன்னு நெனைக்காதீங்க. 2019-ல அமெரிக்காவுல வேப் இழுத்தவங்க நுரையீரல் கெட்டு கூட்டங்கூட்டமா ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க, 2020 பிப்ரவரி கணக்குப்படி 2,807 கேஸ், 68 சாவு. பெரும்பாலும் கஞ்சா எண்ணெய் சரக்கு, அத கெட்டியாக்க கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட்தான் முக்கிய காரணம்னு தெரிஞ்சது. மிளகாய் மாதிரி நெடி அடிச்சி காட்டிக்கொடுக்குத பொருள் இல்ல அது, எண்ணெய் மாதிரி வழுவழுன்னு இருக்கும்.

சித்தி மவன்கிட்ட இதெல்லாம் சொல்லிட்டு, நீ முதல்ல பிஜி விஜிய மட்டும் புது காயில்ல இழுத்து பாரு, பொறவு ஃப்ளேவர மட்டும் சேரு, கடைசியா நிக்கோடின சேரு, எந்த இடத்துல காறுதுன்னு சொல்லுன்னேன். கையுறை போட்டுக்கோலே, நிக்கோடின் தோல் வழியாவே உள்ள போவும்னும் சொன்னேன். முத ரெண்டுலயும் ஒண்ணும் இல்ல, நிக்கோடின் ஊத்துனதும் மிளகுத்தூள் போட்ட மாதிரி காறிருச்சாம். நிக்கோடின் பாட்டில வீடியோல காட்டுன்னா, ஜன்னல்ல வெயில் படுத இடத்துல மூடி லூசா நிக்கி, உள்ள இருக்கது கருப்பட்டி காப்பி கலர்ல கெடக்கு. வெளிச்சமும் காத்தும் பட்டு நிக்கோடின் ஆக்சிஜனோட சேந்துருச்சி, அந்த கலரும் காறலும் அதுல வாரதுதான். அத வச்சி இனி ஒண்ணும் செய்ய முடியாதுலேன்னு சொன்னா, பாதி பாட்டில் மிச்சம் இருக்கேண்ணே, மென்தால் ஊத்துனா சரியாவாதாங்கான்.