ரோடு பேஸுக்கு லேசர் லெவல் வாங்கப் போகிறீர்களா?

ரோடு பேஸ், அதாவது தாருக்குக் கீழே வரும் ஜல்லி அடுக்கு போடும் கிரேடர் (பிளேடால் சீவி மட்டமாக்கும் வண்டி) வேலைக்குச் சுழல் லேசர் (சுழலும் ஒளியால் லெவல் காட்டும் கருவி) வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை மீட்டர் அடிக்கும் சார்?" என்றுதான். பெட்டி மேலேயே 500, 800 என்று பெரிதாகப் போட்டிருப்பதால் கண் அங்கேதான் போகிறது. அது, ஒளியை உணர்ந்து லெவல் சொல்லும் ரிசீவருக்கு அந்த ஒளி எட்டும் தூரம். அவ்வளவு தூரத்தில் லெவல் சரியாக இருக்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை.

கேட்க வேண்டியது துல்லியத்தை. அதை செகண்டில் சொல்வார்கள்; இது நேரம் இல்லை, கோண அளவு, ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு. 10 செகண்ட் கருவி என்றால் 30 மீட்டரில் 1.5 மில்லிமீட்டர் வரை பிசகலாம். 20 செகண்ட் என்றால் 3 மில்லிமீட்டர். பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் அந்த 20 செகண்ட் கருவி 100 மீட்டரில் கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர் பிசகும். கிரேடரோ பேவரோ (ஜல்லியைப் பரப்பும் இயந்திரம்) கொண்டு போடும் வெட்மிக்ஸ் (தண்ணீர் கலந்த ஜல்லி) பேஸுக்கு மத்திய நெடுஞ்சாலை அமைச்சகத்தின் விவரக்குறிப்பு மேலும் கீழும் அனுமதிப்பதே 10 மில்லிமீட்டர்தான். கருவியே அத்தனையையும் தின்றுவிட்டால் கிரேடர் ஆபரேட்டர் என்ன செய்வார்? அதனால் 10 செகண்ட் கருவியாகவே வாங்குங்கள். அதையும் நூறு மீட்டருக்கு மேல் நம்பி வேலை செய்யாதீர்கள்.

அடுத்தது சரிவு. மட்டம் மட்டும் காட்டும் கருவி, ஒரு திசையில் சரிவு வைக்கும் கருவி, இரண்டு திசையிலும் வைக்கும் கருவி என்று மூன்று வகை உண்டு. ரோட்டுக்குக் குறுக்கே கேம்பர் (நடுவிலிருந்து ஓரத்துக்கு இறங்கும் சரிவு), நீளவாட்டில் ஏற்றமோ இறக்கமோ என இரண்டும் இருப்பதால் மூன்றாவதுதான் நமக்கு ஏற்றது. விலை கூடத்தான். வாடகைக்காவது அதையே எடுங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நீளவாட்டில் மட்டமான ஒரு ரோட்டில், ஒரு திசைச் சரிவுக் கருவியில் 2.5 சதவீதம் வைத்தோம். கருவியை ரோட்டுக்கு நேராகக் கண் பார்வையிலேயே திருப்பினேன். கிரேடர் பிளேடு ரிசீவரை ஒட்டி அழகாக ஓடியது. சாயங்காலம் ஆட்டோ லெவலில் (தொலைநோக்கி வைத்து உயரம் பார்க்கும் கருவி) பார்த்தால், 60 மீட்டர் தள்ளி ஐந்து சென்டிமீட்டர் குறைவு! கருவி இரண்டே டிகிரி திரும்பியிருந்தது. குறுக்கே இருக்க வேண்டிய சரிவில் கொஞ்சம் நீளவாட்டில் இறங்கிவிட்டது. கணக்குப் போட்டால் இதுவே 100 மீட்டரில் 87 மில்லிமீட்டர். 25 சென்டிமீட்டர் பேஸ் வர வேண்டிய இடத்தில் 20தான் இருந்தது. மேலே தார் போட்டிருந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. லாரி ஓடி ரோடு அமுங்கும்போதுதான் தெரியும். அன்றிலிருந்து சென்டர் லைனில் இரண்டு முளைக்கு நூல் கட்டி, கருவியின் அச்சை அதோடு சேர்க்காமல் நான் வேலை தொடங்குவதில்லை.

இன்னொரு விஷயம்: சுழல் லேசர் காட்டுவது ஒரு தட்டையான தளம். கேம்பருக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று எனத் தனித்தனியாக வைக்க வேண்டும். வளைவிலும் மேடு ஏறி இறங்கும் இடத்திலும் இதை நம்பாதீர்கள். அங்கே டோட்டல் ஸ்டேஷனும் (கோணமும் தூரமும் அளக்கும் சர்வே கருவி) நெருக்கமான முளைகளும்தான் கைகொடுக்கும்.

பச்சை லேசருக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். நம் வெயிலில் எந்த நிறமும் கண்ணுக்குத் தெரியாது, பார்ப்பது ரிசீவர்தான். கருவியை யாராவது இடித்தால் தானாக நின்று எச்சரிக்கும் வசதி மட்டும் கட்டாயம் இருக்கட்டும். ரோலர் அதிர்விலும் காற்றிலும் டிரைபாட் நகர்வது நமக்குத் தெரியவே தெரியாது. சித்திரை, வைகாசி மதியத்தில் தரை அனல் ஒளியை ஆட்டும்; கடைசி லெவலைக் காலையில் முடித்துவிடுங்கள்.

கடையிலிருந்து வாங்கியதும், அப்புறம் எப்போது கீழே விழுந்தாலும், ஒரு சோதனை செய்யுங்கள். சுவரிலிருந்து 30 மீட்டரில் கருவியை மட்டத்தில் வைத்து, ரிசீவரால் சுவரில் ஒரு குறி. கருவியை அதே இடத்தில் 180 டிகிரி திருப்பி இன்னொரு குறி. இரண்டு குறிக்கும் உள்ள இடைவெளியில் பாதிதான் கருவியின் பிசகு. கால் வட்டம் திருப்பி அடுத்த அச்சுக்கும் இதையே செய்யுங்கள். 10 செகண்ட் கருவியில் இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் அன்றைக்கு கிரேடரை ஓரமாக நிறுத்திவிட்டு, கருவியை சர்வீஸுக்கு அனுப்புங்கள்.