திவான் என்றால் மந்திரி மட்டும்தானா?

திவான் என்றதும் நமக்குத் தலைப்பாகை கட்டிய ஒரு பெரிய மனிதர்தான் நினைவுக்கு வருவார், திருவிதாங்கூரிலும் அப்புறம் புதுக்கோட்டையிலும் திவானாக இருந்த சேஷையா சாஸ்திரி மாதிரி. அந்த நினைப்போடு 'ஹாஃபிஸின் திவான்' என்று எங்காவது படித்தால், ஷீராஸ் நகரத்துக் கவிஞருக்கு எதற்குத் தனியாக ஒரு மந்திரி என்று குழம்பத்தான் செய்யும்.

திவான் முதலில் ஆளே இல்லை, ஏடு. பாரசீகச் சொல். எழுத்தைக் குறிக்கும் பழம்பாரசீகச் சொல்லான 'திபி'க்கு உறவு என்பது மொழியறிஞர்கள் கருத்து. நம்முடைய 'லிபி'யும் அந்தச் சொந்தம்தான். அரபு வரலாற்றாசிரியர் இப்னு கல்தூன் வேறு ஒரு கதை சொல்கிறார். பாரசீக மன்னர் கிஸ்ரா ஒருநாள் தன் கணக்கர்களைப் பார்க்கப் போனாராம், அவர்கள் தமக்குள் முணுமுணுத்தபடி கூட்டிக்கொண்டிருக்க, 'தீவானா', அதாவது பைத்தியங்கள் என்றாராம். சொல்லாராய்ச்சியாக இது தேறாது, ஆனால் மார்ச் கடைசியில் கணக்குப் பிரிவுப் பக்கம் போனவர்கள் கிஸ்ராவைக் குறை சொல்ல மாட்டார்கள்.

இஸ்லாமிய ஆட்சியில் படைவீரர்களின் பெயரையும் அவரவர்க்குரிய படியையும் எழுதிவைக்கத் திவான் ஏற்படுத்தியவர் கலீஃபா உமர். ஏட்டின் பெயர் மெல்ல அந்த ஏடு இருந்த அலுவலகத்துக்கும் ஆனது. ஈராக்கில் கணக்கெல்லாம் வெகுகாலம் பாரசீகத்திலேயே இருந்தது, 697 வாக்கில்தான் ஆளுநர் ஹஜ்ஜாஜ் அதை அரபுக்கு மாற்றச் சொன்னார். பொறுப்பேற்ற ஸாலிஹிடம், ஒரு லட்சம் திர்ஹம் தருகிறோம், முடியவில்லை என்று மட்டும் சொல்லிவிடு என்று பாரசீக எழுத்தர்கள் கெஞ்சியதாக வரலாற்றாசிரியர் பலாதுரி எழுதுகிறார். ஸாலிஹ் மசியவில்லை.

சரி, மந்திரி எப்படி வந்தார்? மங்கோலியர் காலத்து ஈரானில் நிதியைக் கையில் வைத்திருந்த ஷம்சுத்தீன் ஜுவைனியை 'ஸாஹிப் திவான்' என்றார்கள், திவானை உடையவர். (1284இல் அவரைக் கொன்றுவிட்டார்கள் என்பது தனிக்கதை.) முகலாய இந்தியாவில் அந்த 'ஸாஹிப்' கழன்றுபோய், வரிக்கணக்கு அதிகாரியே திவான் ஆனார். 1765இல் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய வங்காளத் 'திவானி'யும் வரி வசூலிக்கும் உரிமைதான்.

அப்படியானால் தமிழில்? ஆளுக்கு அமைச்சர், ஏட்டுக்குப் பதிவேடு. அலுவலகத்துக்குத் திணைக்களம், சோழர் வரித்துறை 'புரவுவரித் திணைக்களம்', இலங்கையில் இன்றும் அரசுத் துறைக்கு அதே சொல். கவிஞரின் திவான் என்றால் அவருடைய பாட்டுகளைச் சேர்த்து வைத்த ஏடு, அதற்கு மட்டும் என் ஓட்டு 'தொகை'க்கு. பணத்தைக் கூட்டி வருவதும் தொகை, பாட்டைச் சேர்த்து வைத்தால் அதுவும் எட்டுத்தொகையில் வருகிற அதே தொகை. கணக்கேட்டின் பெயரையே கவிதை நூலுக்கும் வைத்த பாரசீகக்காரர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரிந்திருக்கும்.