போனில் விபிஎன் போடும் முன்: யாரிடமிருந்து மறைக்கிறீர்கள்?

துபாயிலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த தம்பி ஒருவர் தன் போனை என்னிடம் கொடுத்தார். "அண்ணே, பேங்க் ஆப் திறக்கவே மாட்டேங்குது. சும்மா வச்சிருந்தாலும் சூடாகுது." வாங்கிப் பார்த்தேன். திரையின் மேல் ஓரத்தில் குட்டியாக ஒரு சாவிப் படம். ஆண்ட்ராய்டு போனில் அது தெரிந்தால் விபிஎன், அதாவது நம் இணையப் போக்குவரத்தை வேறொரு கம்பெனியின் சர்வர் வழியாக அனுப்பும் ஆப், ஓடுகிறது என்று அர்த்தம். உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றல்ல, மூன்று இலவச விபிஎன் ஆப்கள். அங்கே வாட்ஸ்அப் கால் போகாது என்பதால் அறையில் கூடத் தங்கியிருப்பவர் போட்டுக் கொடுத்தாராம். ஊருக்கு வந்த பிறகும் அணைக்கவில்லை. அணைத்துக் காட்டினேன், பேங்க் ஆப் உடனே திறந்தது.

சிறிய அலுவலகங்களின் கணினிப் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்வது என் வேலை. "விபிஎன் போட்டால் பாதுகாப்புதானே?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். யாரிடமிருந்து பாதுகாப்பு என்று நான் திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை.

இன்று நாம் போகும் தளங்களில் ஏறக்குறைய எல்லாமே ஹெச்.டி.டி.பி.எஸ் வழியாகத்தான் வருகின்றன. அது ஒட்டிய கவர் மாதிரி. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று உங்கள் சிம் கம்பெனிக்குத் தெரியாது. எந்தத் தளத்துக்குப் போகிறது என்ற விலாசம் தெரியும். விபிஎன் அந்தக் கவரை இன்னொரு கவருக்குள் போட்டுத் தன் பெயருக்கு வாங்கிக்கொள்கிறது. வெளிக் கவரைப் பிரித்ததும் அந்த விலாசத்தை இனி விபிஎன் கம்பெனி பார்க்கும். பார்ப்பவர் மாறுகிறார், அவ்வளவுதான். அப்படியானால் புதிதாகப் பார்ப்பவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

ஓனாவோ என்று ஓர் இலவச விபிஎன் இருந்தது. 2013-இல் அதை ஃபேஸ்புக் வாங்கியது. 'உங்கள் தகவலைக் காக்கிறோம்' என்று விளம்பரம் செய்துவிட்டு, மக்கள் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற தகவலைத் தன் வியாபாரத்துக்கு எடுத்துக்கொண்டது. 2023-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் இதற்காக 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது.

இதைவிட மோசமானதும் நடந்திருக்கிறது. 2024 மே மாதம் அமெரிக்க அரசு '911 எஸ்5' என்ற வலையமைப்பை முடக்கியது. மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன் போன்ற இலவச விபிஎன்களை நிறுவியவர்களின் கணினிகள் அவர்களுக்கே தெரியாமல் அதில் சேர்க்கப்பட்டிருந்தன. சிக்கிய ஐ.பி. முகவரிகள், அதாவது இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்கள், 1.9 கோடி. எங்கோ இருக்கும் மோசடிக்காரன் அப்படிச் சிக்கிய கணினி வழியாகச் செய்த குற்றம், உங்கள் வீட்டு இணைப்பிலிருந்து நடந்ததாகப் பதிவாகும். நாளைக்கு போலீஸ் விசாரித்தால் முதலில் தட்டுவது உங்கள் கதவைத்தான். எனக்கு உண்மையிலேயே பயம் தருவது இதுதான்.

அப்புறம் சட்டம். ஐக்கிய அரபு அமீரகத்தில் விபிஎன் வைத்திருப்பதே குற்றம் என்றில்லை. ஆனால் குற்றம் செய்யவோ மறைக்கவோ அதைப் பயன்படுத்தினால் அபராதம் 5 லட்சம் திர்ஹாமிலிருந்து 20 லட்சம் வரை. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற கால் பேசும் ஆப்கள் இருக்கும்போது இந்த வம்பு எதற்கு? இந்தியாவிலும் வாடிக்கையாளரின் பெயர், விலாசம், ஐ.பி. முகவரி ஆகியவற்றை விபிஎன் கம்பெனிகள் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் உத்தரவிட்டது. எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன் போன்றவை இங்கிருந்த சர்வர்களையே எடுத்துக்கொண்டு போய்விட்டன.

விபிஎன்னே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அலுவலகம் தரும் விபிஎன் வேறு வகை. அதை அலுவலக வேலைக்குப் பயன்படுத்துங்கள். இலங்கையில் 2019-இலும் 2022-இலும் சமூக ஊடகங்களை அரசு முடக்கியபோது பலர் விபிஎன் வழியாகத்தான் அவற்றுக்குள் போனார்கள். செய்தியாளர்களுக்கும் அது தேவைப்படும். அப்படித் தேவை இருந்தால், காசு கொடுத்து, நடத்துபவர் யார் என்று தெரிந்த ஒன்றை எடுங்கள். 2023 ஏப்ரலில் முல்வாட் என்ற விபிஎன் கம்பெனியின் அலுவலகத்தைச் சோதனையிட வந்த ஸ்வீடன் போலீஸ் வெறுங்கையோடு திரும்பியது. வாடிக்கையாளர் தகவலை அவர்கள் சேமிப்பதே இல்லை.

ஆனால் ஓடிபி மோசடிக்கு விபிஎன் மருந்தல்ல. விபிஎன் போட்டிருக்கும் தைரியத்தில், குறுஞ்செய்தியில் வந்த லிங்க்கைத் திறந்து பேங்க் பாஸ்வேர்டைக் கொடுத்து, பணத்தை இழந்தவரை எனக்குத் தெரியும். போகும் வழியைத்தான் விபிஎன் பூட்டும். போய்ச் சேரும் பக்கம் பேங்க்குடையதா திருடனுடையதா என்று அது பார்க்காது. ரயில் நிலைய வைஃபை பயமாக இருந்தால் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடுங்கள். பலருக்கு அதுவே போதும்.

அந்தத் தம்பியின் போனில் மூன்றையும் நீக்கினோம். அமைப்புகளுக்குள் விபிஎன் பகுதியையும் திறந்து, மிச்சமிருந்த ஒரு பதிவை அழித்தோம். பேங்க் பாஸ்வேர்டை என் எதிரிலேயே மாற்றினார். கிளம்பும்போது, "அம்மா போன்லயும் ஒண்ணு போட்டுக் கொடுத்திருக்கேண்ணே" என்றார். சாயங்காலம் அந்தப் போனும் வந்தது.