தன்வேகம்

வானியலில் வரும் 'பெக்யூலியர் வெலாசிட்டி' என்ற தொடரை 'விசித்திர வேகம்' என்று பெயர்த்தால் பொருள் அடியோடு கெட்டுவிடும். அது ஒரு வான்பொருள் தனக்கென ஓடும் வேகம்; அதில் விசித்திரம் எதுவும் இல்லை.

இலத்தீனில் 'பெக்கு' என்றால் கால்நடை. அதிலிருந்து 'பெக்கூலியம்' வந்தது. உரோமக் குடும்பத்தில் சொத்தெல்லாம் தகப்பன் பேரில்தான். மகனோ அடிமையோ தன்னது என்று ஆள விடப்பட்ட சிறு பங்குக்கு அந்தப் பெயர். வன்னியில் மாடு வளர்க்கும் வீட்டாருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பட்டி அப்பாவுடையது, சுட்ட குறியும் அவருடையது. ஆனாலும் உள்ளே நிற்கும் ஒரு நாகை, அதாவது இன்னும் கன்று ஈனாத இளம் பசுவை, காட்டி "அது சின்னவன்ரை" என்பார்கள். அந்தச் 'சின்னவன்ரை'தான் பெக்கூலியம். 'ஒருவருக்கே உரிய' என்பது பெக்யூலியரின் முதற்பொருள். வினோதம் பின்னால் ஒட்டிக்கொண்டது. தமிழிலும் மாடு செல்வம்தானே: 'மாடல்ல மற்றை யவை' என்கிறது 400ஆம் குறள்.

காலபோக (மாரிகால நெல்) விதைப்போடு வயற்கரையை விட்டுச் சாய்த்துக்கொண்டு போகும் பட்டியில், பச்சையைக் கண்ட நாகொன்று விலகும். பட்டியின் நடையைக் கழித்தால் மிஞ்சுவது நாகின் நடை. விண்மீன் பேரடைக் கொத்துகளுக்குப் பொது நடை பிரபஞ்ச விரிவு. அதற்கு மேலாக, அயலிலுள்ள திணிவின் ஈர்ப்பால் ஒவ்வொரு கொத்துக்கும் தனக்கென ஓர் ஓட்டம் உண்டு.

விலகும் பொருளின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வதுதான் செம்பெயர்ச்சி. அது விரிவையும் சொந்த ஓட்டத்தையும் சேர்த்தே காட்டும். 100 மெகாபார்செக், அதாவது ஏறத்தாழ 32.6 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள கொத்து விரிவினால் மட்டும் செக்கனுக்குச் சுமார் 7000 கிலோமீற்றர் விலகும். அளந்தது 7500 என்றால் மிச்சம் 500 அதன் சொந்தம். கணக்கு லேசு, அளவுதான் கடினம். தொலைவைச் செம்பெயர்ச்சியின் துணையின்றி வேறு வழியில் அறிய வேண்டும். அதில் 10 வீதம் பிழைத்தாலே 700 தவறிவிடும். தேடுவதோ 500!

இந்தத் தொல்லை இல்லாத வழியொன்றைச் சோவியத் வானியற்பியலாளர்களான சுன்யாயெவும் செல்டோவிச்சும் காட்டினார்கள். பெருவெடிப்பின் மிச்ச ஒளியான நுண்ணலைப் பின்னணி, கொத்தின் கொதிக்கும் வாயுவினூடாக வரும்போது இலத்திரன்களில் பட்டுச் சிதறும். கொத்து எங்களை நோக்கி வந்தால் அந்த ஒளி இம்மியளவு சூடாகவும், விலகினால் குளிராகவும் தெரியும். எத்தனை தொலைவில் நின்றாலும் இந்த மாற்றம் மங்குவதில்லை. 2012இல், சிலி நாட்டில் நின்ற அட்டகாமா தொலைநோக்கியின் தரவில், பல கொத்துகளைச் சேர்த்துப் பார்த்து, இது முதன்முதலாகப் பிடிபட்டது. எனக்கு இந்த முறைமேல் தனிப் பிரியம்.

சரியான தமிழ் என்ன? 'தனிவேகம்' எனலாம்தான். ஆனால் தனித்து ஓடுவதுபோல அது தொனிக்கிறது. எங்கள் பால்வீதியோ அயற்பேரடைகளோடு கூடியே, நுண்ணலைப் பின்னணியை ஒப்பிட, செக்கனுக்கு 600 கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது. ஆகவே 'தன்வேகம்' பொருந்தும். இலங்கைப் பாடநூல்களில் திசையுள்ளது வேகம், திசையற்றது கதி; தமிழகத்தவர் 'தன் திசைவேகம்' என்று எழுதலாம். பல கொத்துகள் ஒரே பக்கம் ஓடுவதற்குக் 'கூட்டோட்டம்' என்பேன்.