மாஸ்டர் சொன்ன ஆக்சிஜன்

எங்கள் பேட்டைப் பூங்காவில் காலை ஆறு மணி யோகா வகுப்புக்கு நாற்பது பேர் வருகிறோம். பாதிப் பேர் பணி ஓய்வு பெற்றவர்கள். எறும்பு இல்லாத இடமாகப் பார்த்துப் பாய் போடுவதில் தினமும் சின்னத் தகராறு உண்டு. முடிந்ததும் வாசலில் அருகம்புல் சாறு வண்டியைச் சுற்றி இன்னொரு கூட்டம். மாஸ்டர் தங்கமான மனிதர். காசு வாங்குவதில்லை, முழங்கால் முடியாதவர்களைக் கட்டாயப்படுத்துவதும் இல்லை. ஒரே ஒரு விஷயத்தில்தான் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போவதில்லை. மூச்சுப் பயிற்சி தொடங்கியதும், “நல்லா இழுங்க, ஆக்சிஜன் ஒவ்வொரு செல்லுக்கும் போகட்டும்” என்பார்.

அப்படியெல்லாம் கூடுதலாகப் போவதில்லை. கொரோனா சமயத்தில் வாங்கி, இப்போது ஏதோ அலமாரியில் கிடக்கும் ஆக்சிமீட்டரை எடுத்து விரலில் மாட்டிப் பாருங்கள். நுரையீரல் நன்றாக இருப்பவர் என்றால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 97, 98 என்று காட்டும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஏற்கெனவே கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் மூச்சை இழுத்து இழுத்து நிரப்புவது, சீட்டெல்லாம் நிரம்பிய பஸ்ஸை ஸ்டாண்டில் இன்னும் அரை மணி நேரம் நிறுத்தி வைப்பது போலத்தான்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1924இல் மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் கைவல்யதாமம் என்ற யோக நிலையத்தைத் தொடங்கி, யோகத்தை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோன சுவாமி குவலயானந்தரே, பிராணாயாமத்தின் பலனை ஆக்சிஜனில் தேடாதீர்கள், நரம்புகளில் தேடுங்கள் என்ற கட்சிக்காரர். பல பத்தாண்டுகள் ஆகியும் அந்தச் செய்தி எங்கள் பூங்காவுக்கு வந்து சேரவில்லை.

சரி, ஆக்சிஜன் இல்லை என்றால், மெதுவாக மூச்சு விட்ட பத்து நிமிடத்தில் மனசு அடங்குகிறதே, அது எப்படி? அடங்குவது பொய்யில்லை. அதற்கான சாட்சியை உங்கள் மணிக்கட்டிலேயே தொட்டுப் பார்க்கலாம்.

கட்டை விரலுக்குக் கீழே, எலும்பை ஒட்டி, மூன்று விரல்களை வையுங்கள். நாட்டு வைத்தியர் வைப்பது போலவேதான். அவர் வாதம், பித்தம், கபம் என்று விரலுக்கு ஒன்றாகப் பார்ப்பார். நமக்கு அந்தக் கணக்கு வேண்டாம், துடிப்பு தெரிந்தால் போதும். இப்போது மனதுக்குள் நான்கு எண்ணியபடி மூச்சை இழுங்கள், ஆறு எண்ணியபடி விடுங்கள். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு பிடிபடும்: உள்ளே இழுக்கும்போது துடிப்புகள் நெருங்கி வருகின்றன, வெளியே விடும்போது இடைவெளி விட்டு விட்டு வருகின்றன. ‘டக் டக் டக்’ என்று ஓடியது ‘டக்... டக்...’ என்று நடக்கிறது. இளவட்டங்களுக்கு இது நன்றாகத் தெரியும், வயது ஏற ஏற மங்கும். 1847இல் ஜெர்மானிய உடலியல் அறிஞர் கார்ல் லுட்விக், சுழலும் உருளையில் கோடு வரையும் கருவியை வைத்து நாயிடம் இதைப் பதிவு செய்தார்.

இதற்குப் பின்னால் இருப்பது வேகஸ் நரம்பு. மூளையின் அடித்தண்டிலிருந்து கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், குடல் என்று ஊர் சுற்றும் நரம்பு. இதயத்துக்கு அது பிரேக். நம் இதயத்தைத் தன்போக்கில் விட்டால் நிமிடத்துக்கு 100 தடவைக்குப் பக்கத்தில் துடிக்கும். இதய மாற்று அறுவை சிகிச்சையில் இந்த நரம்புத் தொடர்பு அறுந்துபோவதால், புதிய இதயம் ஓய்வில்கூட 90, 100 என்றே ஓடுவதைப் பார்க்கலாம். நமக்கெல்லாம் அது 70 பக்கம் இருக்கிறது என்றால், வேகஸ் ராத்திரி பகலாக பிரேக்கில் கால் வைத்திருக்கிறது என்று பொருள். மூச்சை இழுக்கும் நேரத்தில் மூளைத்தண்டு அந்தக் காலைக் கொஞ்சம் தூக்கிக்கொள்கிறது. விடும்போது மறுபடி வைக்கிறது.

நரம்பு எப்படி இதயத்திடம் ‘மெதுவாகப் போ’ என்று சொல்கிறது என்பதைக் கண்டுபிடித்த கதை சுவாரஸ்யமானது. ஓட்டோ லோவி என்ற விஞ்ஞானிக்கு அதற்கான சோதனை தூக்கத்தில் தோன்றியது. எழுந்து காகிதத்தில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். காலையில் அவர் கையெழுத்து அவருக்கே புரியவில்லை. நல்லவேளையாக அடுத்த ராத்திரியும் அதே யோசனை வர, இந்த முறை படுக்காமல் நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய்விட்டார். ஒரு தவளையின் இதயத்தில் வேகஸைத் தூண்டி, அது ஊறியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளையின் இதயத்தில் விட்டார். நரம்பே இல்லாத அந்த இரண்டாவது இதயமும் மெதுவானது. அப்படியானால் சேதி திரவத்தில்தானே இருந்திருக்க வேண்டும்? அந்த வேதிப்பொருள்தான் அசிட்டைல்கோலின். 1921இல் இதை வெளியிட்ட லோவிக்கு 1936இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதுவரை சொன்னது மூச்சு விடும் நேரத்தின் பலன். ஆனால் ஏன் குறிப்பாக மெதுவாக? நாம் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். நான்கு இழுத்து ஆறு விட்டால் பத்து விநாடிக்கு ஒன்று, அதாவது நிமிடத்துக்கு 6. இந்த ஆறில் ஒரு விசேஷம் இருக்கிறது.

தாடைக்குக் கீழே கழுத்தில் துடிக்கும் ரத்தக்குழாயின் சுவரில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் சுவர் விரியும், சேதி மூளைத்தண்டுக்குப் போகும், அது இதயத்தை நிதானிக்கச் சொல்லும், ரத்தக்குழாய்களைத் தளரச் சொல்லும். இதயம் உடனே கேட்டுக்கொள்ளும். குழாய்கள் அப்படி இல்லை, அவை தளர்ந்து அழுத்தம் இறங்க ஏறக்குறைய ஐந்து விநாடி ஆகிவிடும். அதற்குள் நிலைமை மாறியிருக்கும், திருத்தம் கொஞ்சம் கூடுதலாகப் போயிருக்கும், பிறகு எதிர்ப்பக்கம் திருத்த வேண்டும். இப்படி அழுத்தம் சுமார் பத்து விநாடிக்கு ஒரு முறை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது.

அந்த ஏற்ற இறக்கம் ஓர் ஊஞ்சல். பூங்காவின் மறுமூலையில் பேத்தியை ஆட்டிவிடும் தாத்தாவைப் பாருங்கள். ஊஞ்சல் தன்னிடம் வந்து திரும்பும் நொடிக்காகக் காத்திருந்து லேசாகத் தள்ளுகிறார், அது உயரப் போகிறது. கண்ட நேரத்தில் தள்ளினால் கைதான் வலிக்கும். பத்து விநாடிக்கு ஒரு மூச்சு என்பது அந்தச் சரியான நொடியில் விழும் தள்ளு. இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் பெரிதாகிறது, அழுத்தத்தைச் சீராக்கும் அந்த அமைப்பும் கூர்மையாகிறது.

2001இல் இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லவும், ‘ஓம் மணி பத்மே ஹூம்’ ஜபிக்கவும் வைத்து அளந்தார்கள். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு பக்கம் வந்து நின்றது. யாரும் அவர்களிடம் மெதுவாக மூச்சு விடச் சொல்லவில்லை. வாக்கியத்தின் நீளமே அப்படி அமைந்திருக்கிறது. நம் திருமூலர் சொன்ன கணக்கிலும் இழுக்க 16 மாத்திரை என்றால் விட 32. வெளிமூச்சு நீளம் என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

நடுவில் அடக்கி வைக்க அவர் சொல்லும் 64 வேறு விவகாரம். குருவின் பக்கத்தில் பழகியவர்களுக்கு உரியது அது. தம் பிடித்து நெஞ்சை இறுக்கினால், இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைந்து மணிக்கட்டில் நாடியே காணாமல் போகலாம். 1935இல் தெரேஸ் ப்ரோஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதயத்தின் மின்துடிப்பைப் பதியும் கருவியோடு இந்தியாவுக்கு வந்து, ஒரு யோகி இதயத்தையே நிறுத்தும் அளவுக்குப் போனதாக எழுதினார். வெங்கர், பாக்சி, ஆனந்த் என்ற மூவர் 1961இல் வெளியிட்ட ஆய்வில் குட்டு உடைந்தது. நாடி மறைந்த நேரத்திலும் உள்ளே இதயம் பாட்டுக்குத் துடித்துக்கொண்டுதான் இருந்தது.

வேகமான மூச்சு இதற்கெல்லாம் நேர் எதிர். போன மார்கழியில் ஆர்வக்கோளாறில் கபாலபாதியை அளவு மீறி ஊதித் தள்ளினேன். உதடு மரத்து, விரல் நுனி சுறுசுறுவென்று, பூங்கா சுற்றியது. “சக்தி ஏறுது சார்” என்றார் பக்கத்துப் பாய்க்காரர். ஏறவில்லை, இறங்கியது. அளவுக்கு மேல் ஊதினால் ரத்தத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். அது குறைந்தால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். போதாததற்கு ஹீமோகுளோபின் தன்னிடம் உள்ள ஆக்சிஜனை விட மனசில்லாமல் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜனுக்காக ஊதியவனின் மூளைக்குத்தான் ஆக்சிஜன் குறைந்தது.

அதே பக்கத்துப் பாய்க்காரர் மூச்சுப் பயிற்சியை நம்பி பிரஷர் மாத்திரையை நிறுத்தி, ஒரு மாதம் கழித்து 180க்கு வந்து நின்றார். மெதுமூச்சால் ரத்த அழுத்தம் இறங்குவது உண்மைதான். இறங்குவது சில புள்ளிகள். மாத்திரையோடு சேர்ந்து இருக்க வேண்டிய பழக்கம் அது, மாத்திரைக்குப் பதிலாக வருவது இல்லை.

ஒரு நாள் சாறு வண்டி பக்கத்தில் மாஸ்டரைப் பிடித்து, தவளை முதல் ஊஞ்சல் வரை எல்லாவற்றையும் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்து, இழுக்கச் சொல்லி, விடச் சொல்லி, கண்ணை மூடிக் கவனித்தார். “அட, ஆமா” என்றார். மறுநாள் வகுப்பில் நான்கு எண்ணி இழுக்கவும் ஆறு எண்ணி விடவும் சொல்லிக்கொடுத்தார், எல்லோரையும் நாடியைத் தொட்டுப் பார்க்கவும் வைத்தார். முடிக்கும்போது என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அப்படியே ஆக்சிஜன் ஒவ்வொரு செல்லுக்கும் போகட்டும்” என்றார்.